வடக்குச் சுவரில் ஒரு ஓட்டை

செப்டம்பர் 6, சனி

இன்று அப்பாவின் காரில் முன் ஸீட்டில் உட்கார்ந்தவள் நான் இல்லை. வரலாறு முக்கியம் என்று அப்பா அடிக்கடி சொல்வதால் இதை எழுதி வைக்கிறேன்.

எங்கள் வீட்டில் சனிக்கிழமை என்றால் கோயில் சுற்று. அப்பா ஞானதுரை இங்கிலாந்தில் இந்தத் தார்ன்ஸ்டோ ஊரில் வாரம் முழுக்க பஸ் ஓட்டுகிறார். பாளையங்கோட்டையில் இருந்தபோது கட்டட சூப்பர்வைசர். மூன்று வருடம் முன்பு அம்மாவுக்கு இங்கே நர்ஸ் வேலை கிடைத்து வந்து இறங்கினோம். அன்றிலிருந்து கையில் சிமெண்ட் படாத குறையை அப்பா கோயில் பார்த்துத் தீர்த்துக்கொள்கிறார். சனிக்கிழமை ஊர் கால்பந்து பார்க்கும். நாங்கள் கல் பார்ப்போம்.

சின்ன ஊர்தான். ஆனால் தடுக்கி விழுந்தால் ஏதாவது ஒரு கோயில் வாசலில்தான் விழ வேண்டும். சந்தைத் திடலில் செயின்ட் மேரி. மேட்டில் ஊசிக் கோபுரத்தோடு செயின்ட் பீட்டர். ஆற்றங்கரையில் எல்லோரையும்விடக் கிழவியான செயின்ட் ஹெலன். ஒரு மெதடிஸ்ட் கோயில் இப்போது கார்ப்பெட் கடையாகிவிட்டது. அங்கே இன்றும் ஜனங்கள் முழங்கால் போடுகிறார்கள், கம்பளத்தைத் தடவிப் பார்க்க.

அப்பா வளைவைப் பார்த்தே வயது சொல்லுவார். அரைவட்டமாக இருந்தால் தொள்ளாயிரம் வருடம் பக்கம். நுனி கூம்பியிருந்தால் பிறகு வந்தவன் கட்டியது. அவர் கை காட்டும் இடத்தில் டார்ச் அடிப்பது என் வேலை. கூரை இருட்டில் இறக்கை விரித்த மரத் தேவதூதர்கள் இருக்கிறார்கள். செயின்ட் மேரியில் மடக்கு இருக்கையைத் தூக்கிப் பார்த்தால், அடியில் பாதிரி அங்கி போட்ட நரி ஒன்று வாத்துகளுக்குப் பிரசங்கம் பண்ணிக்கொண்டிருக்கும். பாதிரியார்கள் உட்காரும் இடத்துக்கு அடியிலேயே அதைச் செதுக்கிவிட்டுச் சம்பளமும் வாங்கிக்கொண்டு போன தச்சன்தான் என் குலதெய்வம்.

இன்று டார்ச் அக்ஸா கையில்.

அக்ஸா நாகர்கோவில்காரி. என் ஸ்கூலில் ஒரு வகுப்பு மேலே. அவள் அம்மா கிரேஸ்லின் ஆன்ட்டி என் அம்மாவோடு ஒரே வார்டில் நர்ஸ். ஆன்ட்டிக்கு ஏதோ சின்ன ஆபரேஷனாம், பெரிய ஊர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். அவள் அப்பா மஸ்கட்டில். அதனால் வியாழக்கிழமை ஒரு பெட்டியும் ஒரு தலையணையுமாக எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். என் அறைக்கு. என் அறையின் ஜன்னல் பக்கத்துக்கு.

"முன்னாடி அவ உக்காரட்டும் ஏட்டி. பாவம்லா" என்றார் அப்பா.

மதியம் என்னை வீட்டில் இறக்கிவிட்டு, "ஒரு சோலி இருக்கு" என்று இரண்டு பேரும் மட்டும் எங்கோ போய்விட்டார்கள். சாயங்காலம்தான் வந்தார்கள்.

இது பொறாமை இல்லை. பொறாமை என்றால் வயிறு எரியும் என்பார்கள். எனக்கு எரிந்தது காது.

செப்டம்பர் 7, ஞாயிறு

அவளை "அக்கா" என்று கூப்பிட வேண்டுமாம். அம்மாவின் உத்தரவு. பதினொரு மாதம் மூத்தவள் அக்கா என்றால், எங்கள் செகண்ட் ஹேண்ட் ஃபிரிட்ஜ் எனக்குப் பெரியம்மா. "அக்" வரை சொல்லிவிட்டு இருமினேன். அம்மா எனக்குச் சுக்குக் கஷாயம் போட்டுக் கொடுத்துவிட்டாள். குடிக்க வேண்டியதாயிற்று.

செப்டம்பர் 9, செவ்வாய்

அக்ஸாவின் டீயில் சர்க்கரைக்குப் பதில் உப்புப் போட்டேன். இரண்டு ஸ்பூன்.

முழுவதும் குடித்தாள். கப்பைக் கழுவிக் கவிழ்த்தினாள். "தேங்க்ஸ்" என்றாள். இவளிடம் குறும்பு செய்வது சுவரில் பந்து அடிப்பது மாதிரி என்று எழுத வந்தேன். இல்லை, சுவராவது பந்தைத் திருப்பித் தரும்.

செப்டம்பர் 13, சனி

செயின்ட் மேரி. முன் ஸீட்: அவள். டார்ச்: அவள். நான் பின் ஸீட்டில் அப்பாவின் குடையோடு.

அங்கே ஒரு கிறுக்கு ஜன்னல் உண்டு. உள்நாட்டுச் சண்டைக் காலத்தில் சிப்பாய்கள் வண்ணக் கண்ணாடி எல்லாவற்றையும் உடைத்துப்போட்டார்கள். பின்னால் வந்தவர்கள் பொறுக்கிய சில்லுகளை வைத்து ஒரே ஒரு ஜன்னலை ஒட்டுப்போட்டு நிரப்பியிருக்கிறார்கள். ராஜாவின் தலைக்குப் பக்கத்தில் மீன் வால், மீன் வாலுக்கு மேல் தேவதூதனின் இறக்கை. நானும் அப்பாவும் பார்த்துப் பார்த்துச் சிரித்த ஜன்னல். எங்கள் ஜன்னல்.

அக்ஸா படம் வரைகிற நோட்டோடு வெகுநேரம் அதன் முன்னால் நின்றாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "அங்கிள், இந்தத் தாடிக்காரருக்கு ரெண்டும் இடக்கையாக்கும்."

அப்பா டார்ச்சை வாங்கி அடித்தார். பார்த்தார். அவர் குரல் கூரை வரை போய் எதிரொலித்தது.

"ஏ யப்பா! ஆமாலா! ஏட்டி கெசியா, மூணு வருசமா நாம என்னத்தப் பாத்தோம்?"

நாம என்றார். மரியாதைக்குச் சொன்னது. அர்த்தம் நீ.

திரும்பும்போது இன்னொன்றும் தெரிந்தது. பழைய கட்டடங்களை ஊருக்குத் திறந்து காட்டும் நாள் அடுத்த சனிக்கிழமை வருகிறது. வருடாவருடம் செயின்ட் ஹெலனில், கோயில் சாவி வைத்திருக்கும் மிஸஸ் பெட்டிஃபர் கூட்டத்துக்கு விளக்கம் சொல்ல, அப்பா பக்கத்தில் நிற்க, டார்ச் பிடிப்பது நான். போன வருடம் "டார்ச் பெண்ணே" என்று ஒரு தாத்தா எனக்கு மிட்டாய்கூடக் கொடுத்தார். இந்த வருடம் அக்ஸாவாம்.

"ஏம்ப்பா?"

"பாவம்லா ஏட்டி."

கோயிலில் பாவம் என்றால் தண்டனை. எங்கள் வீட்டில் பாவம் என்றால் முன் ஸீட்.

காது மறுபடியும்.

செப்டம்பர் 14, ஞாயிறு

கோழிக் குழம்பு. பாத்திரம் நான் கழுவ, அவள் துடைத்தாள். பிறகு காற்று வாங்கிவிட்டு வாருங்கள் என்று அம்மா இருவரையும் வெளியே தள்ளினாள். ஆற்றங்கரைப் பாதை நேராக செயின்ட் ஹெலன் வாசலில் போய் முடியும்.

விக்டோரியா ராணி காலத்தில் யாரோ ஒரு மேதாவி, கோயில் இன்னும் பழையதாகத் தெரியட்டும் என்று உள்பூச்சை எல்லாம் சுரண்டி எடுத்துவிட்டான். அதனால் வடக்குச் சுவரில் நெஞ்சு உயரத்தில் ஒரு சதுர ஓட்டை பல்லிளிக்கிறது. கையை விட்டால் முழங்கை வரை போகும். அது என்ன என்று எனக்குத் தெரியும். கோயில் கட்டும்போது ஏறி நிற்பதற்குச் சாரக்கட்டை சொருகிய ஓட்டை. முதல் வருடமே அப்பா சொல்லிவிட்டார்: "கட்டி முடிச்சாலும் அத நிரந்தரமா அடைக்க மாட்டான் ஏட்டி. நாளைக்குப் பழுது பாக்க வாரவனும் சாரம் போடணும்லா? அவனுக்குன்னு விட்டுட்டுப் போறது."

"இது என்னது?" என்று கேட்டாள் அக்ஸா. எங்கள் வீட்டுக்கு வந்ததில் இருந்து அவளாக என்னிடம் கேட்ட முதல் கேள்வி.

சாரம் போன ஓட்டையில் சாரமே இல்லை. நான் கொஞ்சம் ஏற்றினேன்.

"தெரியாதா? கொள்ளைநோய் காலத்து ஓட்டை. வீட்டுல யாராவது படுத்துட்டா, அந்த வீட்டு ஆளு வந்து வலது கைய முழங்கை வரைக்கும் உள்ள விடணும். படுத்திருக்கவங்க பேர மூணு தடவ சொல்லணும். சத்தமா இல்ல, சுவருக்குக் கேட்டாப் போதும்."

"பின்ன?"

"எழும்பிருவாங்க."

"எல்லாருமா?"

"ஊருல இன்னும் ஆள் இருக்காங்கள்ல?" என்றேன்.

இதுதான் திட்டம்: சனிக்கிழமை கூட்டத்துக்கு முன்னால் அக்ஸா இதை மிஸஸ் பெட்டிஃபரிடம் கேட்பாள். மிஸஸ் பெட்டிஃபர் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். சிரிப்பை அடக்க அவர் செய்கிற வேலை அது. அப்பா, "இதுகூடத் தெரியாதா" என்று பார்ப்பார். டார்ச் தானாகத் திரும்பி வரும்.

நோய் என்று ஏன் வாயில் வந்தது, தெரியவில்லை. புதையல் என்று சொல்லியிருக்கலாம். கிரேஸ்லின் ஆன்ட்டியை நான் நினைக்கவே இல்லை. நினைக்கவே இல்லை என்பதை அடிக்கோடு போட்டு எழுதுகிறேன்.

செப்டம்பர் 17, புதன்

குப்பைத்தொட்டி வெளியே வைக்கும் நாள். வைத்தேன். சனிக்கிழமை நகர மாட்டேன் என்கிறது.

செப்டம்பர் 20, சனி

எழுதவே கை வரவில்லை. எழுதுகிறேன்.

செயின்ட் ஹெலனில் நல்ல கூட்டம். மிஸஸ் பெட்டிஃபர் ஊதா நிற ஸ்கார்ஃப் கட்டிக்கொண்டு வாசல் வளைவில் ஆரம்பித்தார். அரைவட்ட வளைவு, அதைச் சுற்றிப் பல் பல்லாக வெட்டிய கோலம், தொள்ளாயிரம் வருடம் முன்னால் இங்கே ஆண்ட நார்மானியர் வேலை. பிறகு ஞானஸ்நானத் தொட்டி. அதன் மேல் பூட்டு மாட்டிய தடம், தொட்டித் தண்ணீரைச் சூனியக்காரிகள் திருடாமலிருக்க. அக்ஸா சொன்ன இடத்தில் எல்லாம் டார்ச்சை ஆடாமல் பிடித்தாள். நான் பிடித்தால் கொஞ்சம் ஆடும். உயிரோட்டம் என்று அப்பா சொல்லுவார். முன்பு சொல்லுவார்.

வடக்குச் சுவர் வந்தது. அக்ஸா கேட்டாள். சுத்தமான ஆங்கிலத்தில், நான் சொன்ன ஒரு வார்த்தையைக்கூட விடாமல் கேட்டாள்.

மிஸஸ் பெட்டிஃபர் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். நான் உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

"ஆமாம் கண்ணு," என்றார் அவர். "நானும் சின்ன வயதில் கேள்விப்பட்டிருக்கிறேன். அருமையான பழைய வழக்கம்."

கேள்விப்பட்டாராம்! போன ஞாயிற்றுக்கிழமை மூன்றரை மணிக்குப் பிறந்த வழக்கம் அது! தெரியாது என்று ஒத்துக்கொள்வது இந்த ஊர்க்காரர்களுக்கு அவ்வளவு மரியாதைக்குறைவு போலிருக்கிறது. கூட்டத்தில் ஒரு பருத்த மனிதர் முன்னால் வந்து, கோட்டுக் கையை மடித்து, ஓட்டைக்குள் விட்டு, "மார்கரெட், மார்கரெட், மார்கரெட்" என்றார். பக்கத்தில் நின்ற மார்கரெட், "எனக்கு ஒன்றுமில்லையே!" என்றார். "இனிமேலும் ஒன்றும் வராது" என்றார் அவர். எல்லோரும் கைதட்டினார்கள்.

நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கூரையில் டார்ச் வெளிச்சம் இல்லை. இருட்டில் என்ன பார்த்தார் என்று தெரியவில்லை.

மிஸஸ் பெட்டிஃபர் அக்ஸாவின் தோளில் தட்டி, "கூர்மையான பெண்" என்றார்.

என் பொய்க்கு அவளுக்குப் பாராட்டு. பொய்கூட என்னை விட்டு அவளிடம் போய்விட்டது.

செப்டம்பர் 21, ஞாயிறு

சமையலறையில் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வெங்காயம் என்றாள். இன்று தயிர்சாதமும் ஊறுகாயும்.

செப்டம்பர் 25, வியாழன்

இந்த வாரம் துணி துவைப்பது என் முறை. அக்ஸாவின் ஸ்கூல் ஸ்வெட்டரில் வலது கை மட்டும் முழங்கை வரை வெள்ளை. தேய்த்து முகர்ந்து பார்த்தேன். சுண்ணாம்பு.

ஸ்கூல் விட்டதும் பின்னாலேயே போனேன். வேவு பார்க்கத்தான். அவள் நூலகத்துக்குப் போவதாகச் சொல்லிவிட்டு செயின்ட் ஹெலனுக்குப் போனாள். வெளியே படியில் ஷூவைக் கழற்றி ஜோடியாக வைத்துவிட்டு உள்ளே போனாள். இந்த ஊரில் யாரும் கோயிலுக்குச் செருப்பைக் கழற்ற மாட்டார்கள். நாங்களே முதல் மாதத்தோடு விட்டுவிட்டோம்.

கதவிடுக்கில் பார்த்தேன். கை முழுக்க ஓட்டைக்குள். நெற்றி கல்லின் மேல். உதடு அசைந்தது. மூன்று தடவைதான் என்று நான் சொன்னேன். அவள் அதைவிட நேரம் நின்றாள்.

ஒரு ஷூவை எடுத்து ஒளித்துவைக்கலாம் என்று கையில் எடுத்தேன். அந்த நேரம் பார்த்து மழை. இரண்டையும் மண்டபத்துக்குள் நகர்த்தி வைத்துவிட்டு வந்தேன். நனைந்தால் அறை நாறும். என் அறை.

செப்டம்பர் 27, சனி

வயிற்றுவலி என்று சொல்லிச் சுற்றுக்குப் போகவில்லை. அப்பா மாடிக்கு வந்து கெஞ்சுவார் என்று படியில் உட்கார்ந்திருந்தேன். கீழே கார் கிளம்பும் சத்தம் கேட்டது. முதல் கியர், இரண்டாவது கியர், சந்துமுனை. ஹாரன்கூட அடிக்கவில்லை.

அம்மாவிடம் போய் வெடித்தேன். "நான் இல்லாமயே கோயில் பாக்கப் போயிட்டாங்கல்லா? இனிமே அவளையே பிள்ளையா வச்சுக்கிடச் சொல்லுங்க!"

அம்மா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"கோயிலா? அவங்க ஆஸ்பத்திரிக்குல்லா போயிருக்காங்க. வாரா வாரம் அங்கதான் போறாங்க. பாக்க விடுத நேரம் மத்தியானம்தான். அதுவரைக்கும் அந்தப் பிள்ள வீட்டுல இருந்து அழுதுட்டுக் கெடக்க வேண்டாம்னு அப்பா கோயில் கோயிலா இறக்கிக் காட்டுதாங்க. உனக்குத் தெரியாதாக்கும்?"

"தெரியும்" என்றேன். தெரியாது.

"முன் ஸீட்டு?"

"பின்னால உக்காந்தா அவளுக்கு வாந்தி வரும்."

"சின்ன ஆபரேஷன்னுதான சொன்னீங்க?"

அம்மா என் சட்டைக் காலரை ஏற்கெனவே தேய்த்ததை மறுபடி தேய்த்தாள். "தலையில ஏட்டி. மூளைக்குப் பக்கத்துல கட்டி. அவள வச்சுக்கிட்டு நான் வேற எப்பிடிச் சொல்ல?"

வயிறு உண்மையாகவே வலித்தது. என்னிடம் மட்டும் ஏன் யாரும் சொல்லவில்லை? அக்ஸாவுக்குத் தெரியும், அப்பாவுக்குத் தெரியும், மஸ்கட்டுக்குத் தெரியும். எனக்குத் தெரிந்ததெல்லாம் யார் எந்த ஸீட்டில் உட்கார்ந்தார்கள் என்பதுதான்.

அப்படியும் ஒன்று எழுதியாக வேண்டும். வாந்தி வருகிறவளுக்கு முன் ஸீட் கொடுப்பது நியாயம். ஆனால் திரும்பி வந்ததும் அப்பா அவளைக் காட்டி அம்மாவிடம், "இன்னைக்கு நல்லா தைரியமா இருந்தா பாத்தியா" என்றார். என்னிடம் வயிற்றுவலி எப்படி என்று கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

அக்டோபர் 1, புதன்

ஆபரேஷன் அடுத்த புதன். காலண்டரில் அம்மா எதுவும் எழுதவில்லை. அந்தக் கட்டத்தில் பென்சிலால் ஒரு புள்ளி மட்டும். மீன்காரர் வருகிற நாளுக்குக்கூட அம்மா முழுசாக எழுதுவாள்.

அக்டோபர் 4, சனி

நானும் போனேன். பின் ஸீட்டில். போகும் வழியில் அப்பா செயின்ட் பீட்டர் ஊசிக் கோபுரத்தைக் காட்டி, அது மூன்று தடவை இடி விழுந்து மூன்று தடவை எழும்பியது என்றார். அக்ஸா தலையாட்டினாள். அதற்கு முன் இரண்டு தடவை என்றுதான் என்னிடம் சொல்லியிருக்கிறார். ஒரு இடியை அவளுக்காகச் சேர்த்திருக்கிறார்.

கிரேஸ்லின் ஆன்ட்டியைப் பார்த்ததும் எனக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. முடி இல்லை. நீல நிறத் துணித்தொப்பி. ஆனால் சிரிப்பு அதே சிரிப்பு, வார்டு முழுக்கக் கேட்கும்.

"வா மக்ளே கெசியா! நீதானே அந்த ஓட்டைக் கதை சொன்னவ?"

நான் அப்பாவின் முதுகுக்குப் பின்னால் நகர்ந்தேன்.

"தினமும் போறாளாம். கையெல்லாம் சுண்ணாம்பு. நான் சொன்னேன், நல்ல காரியம்தான், உனக்க ஓட்டைக்குள்ள நீ கை விடு, எனக்க ஓட்டைக்குள்ள டாக்டர் கை விடட்டும்." ஆன்ட்டி விரலால் தொப்பியில் ஒரு வட்டம் போட்டுக் காட்டினார். "இந்தா, இங்கயாக்கும் போடப் போறாங்க. ஓட்டை போட்டாத்தான் சரி பண்ண முடியுமாம்."

அக்ஸா, "அம்மா!" என்றாள். அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பதிலுக்குப் பதில் பேசுவதில் ஸ்கூலிலேயே பேர் வாங்கியவள் நான். கட்டில் கம்பிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். ஆன்ட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு, "இவ ராத்திரி தூங்குதாளா?" என்று கேட்டார், மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

எனக்குத் தெரியாது. எப்போதும் அவளுக்கு முதுகைக் காட்டித்தான் படுத்திருக்கிறேன்.

"தூங்குதா ஆன்ட்டி" என்றேன்.

அக்டோபர் 7, செவ்வாய்

மஸ்கட் அங்கிள் வந்துவிட்டார். நேராக ஆஸ்பத்திரிக்கே போய்விட்டார். நாளை விடியற்காலை அப்பா லீவு போட்டு அக்ஸாவை அங்கே கூட்டிப்போகிறார். எனக்கு ஸ்கூல்.

நாளைக்கு ஆன்ட்டிக்கு ஏதாவது ஆகிவிட்டால், தான் கையைச் சரியாக விடவில்லை என்று அக்ஸா நினைப்பாள். வாழ்நாள் முழுக்க நினைப்பாள். மத்தியானம் கணக்கு வகுப்பில் இது திடீரென்று மண்டையில் இடித்தது. ஸ்கூல் விட்டதும் செயின்ட் ஹெலனுக்கு ஓடினேன். படியில் ஷூ ஜோடியாக இருந்தது. பக்கத்தில் என் ஷூவையும் கழற்றினேன். கல் தரை பனிக்கட்டி.

"அது பொய்" என்றேன் அவள் முதுகைப் பார்த்து. "கொள்ளைநோயும் இல்ல, ஒண்ணும் இல்ல. நான் கட்டிவிட்டது. அது சாரம் போட்ட ஓட்டை."

அவள் கையை வெளியே எடுக்கவில்லை.

"எனக்குத் தெரியுமே. அங்கிள் அண்ணைக்கே கார்ல வச்சு சொல்லீட்டாரு. கெசியா ஏதோ விளையாடியிருக்கா, மனசுல வச்சுக்காதன்னு."

"அப்பாவுக்குத் தெரியுமா? நான்னு தெரியுமா?"

"பின்ன? இந்த ஊருல வேற யாரு செய்வா?"

"தெரிஞ்சுமா தினமும் வந்து கை விட்ட? உனக்கு என்ன லூசா?"

அப்போதுதான் திரும்பினாள். அழவில்லை. கொஞ்சம் கோபமாகக்கூட இருந்தாள். அவளைக் கோபமாகப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"எல்லாரும் என்னப் பாத்து, ஜெபம் பண்ணிக்கிறோம் மோளேங்காங்க. சாப்பிடுங்காங்க, தூங்குங்காங்க, ஒண்ணும் நினைக்காதேங்காங்க. எனக்குச் செய்யதுக்கு ஒரு வேலை யாரும் தரல. நீ மட்டும்தான் தந்த." ஸ்வெட்டர் கையைத் தட்டிவிட்டுச் சொன்னாள்: "உப்பு டீயும் நீதான் தந்த. மத்தவங்க எல்லாம் எங்கிட்ட மெதுவாப் பேசுதாங்க, கேட்டியா? செத்த வீட்டுல பேசுத மாதிரி."

"ரெண்டு ஸ்பூன் போட்டேன்" என்றேன்.

"மூணு இருக்கும்."

"ரெண்டுதான்."

"குடிச்சவளுக்குத் தெரியாதா?"

வெளியே வந்து ஷூ மாட்டும்போது குனிந்துகொண்டே கேட்டாள். "நாளைக்கு நான் அங்க இருப்பேன். நீ வந்து கை விடுவியா?"

"பொய்னு தெரிஞ்சுமா?"

"ஒரு நாளு விட்டுப்போச்சுன்னா எனக்கு ஒரு மாதிரி இருக்கும்."

அக்டோபர் 8, புதன்

ஸ்கூல் விட்டு ஓடினேன். கதவு பூட்டியிருந்தது. கோபுரத்தில் வேலை நடக்கிறதாம், இன்று திறக்காதாம், ஒரு காகிதம் ஒட்டியிருந்தார்கள். மூன்று வருடத்தில் ஒரு நாளும் பூட்டாத கதவு.

மிஸஸ் பெட்டிஃபர் வீட்டு மணியை அடித்தேன். சாவி அவரிடம்தான் இருக்கும். எதற்கு என்று கேட்டார். எப்போதும் என் வாயில் நாலு பொய் தயாராக நிற்கும், ஒன்றுகூட வரவில்லை. "ஓட்டையில் கை விட வேண்டும்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. கண்ணாடியைக்கூடக் கழற்றவில்லை. கோட்டை மாட்டிக்கொண்டு கூடவே வந்தார். என் உள்ளங்கை நீளத்துக்கு ஒரு இரும்புச் சாவி.

"நானும் போன வாரம் விட்டேன்" என்றார் நடக்கும்போது. "என் ஹாரல்டின் முழங்காலுக்காக."

"பலித்ததா?"

"வலி அடுத்த முழங்காலுக்குப் போய்விட்டது."

வாசலிலேயே நின்றுகொண்டார். நான் ஷூவைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். டார்ச் இல்லை. கையை விட்டேன். உள்ளே எதிர்பார்த்ததைவிடக் குளிர். விரல் நுனியில் சுண்ணாம்பு உதிர்ந்தது. கடைசியில், தட்டையான ஒரு கல்லில் விரல் பட்டது. தொள்ளாயிரம் வருடம் முன்னால் யாரோ கட்டையைச் சொருகி, அதன் மேல் பலகை போட்டு, ஏறி நின்ற இடம். வேலை முடிந்து போகும்போது, பின்னால் பழுது பார்க்க வருகிற எவனுக்கோ விட்டுவிட்டுப் போன இடம்.

கிரேஸ்லின் என்று மூன்று தடவை சொன்னேன். பிறகு நாலாவது தடவையும் சொன்னேன். விதி என்னுடையதுதானே.

அக்டோபர் 9, வியாழன்

ஆபரேஷன் முடிந்துவிட்டது. இன்னும் கண் திறக்கவில்லை. அப்பாவும் அக்ஸாவும் அங்கேயே. காலைச் சாப்பாட்டில் அம்மா என் ஸ்வெட்டரின் வலது கையைப் பார்த்தாள். துவைக்கப் போடு என்று சொல்லவில்லை. நானும் போடவில்லை.

ஜன்னல் பக்கத்துப் படுக்கை காலி. ஜன்னல் எனக்கே எனக்கு. வெளியே பார்த்தேன். குப்பைத்தொட்டிதான் தெரிகிறது. இதற்காகவா இவ்வளவு சண்டை போட்டேன்?

அக்டோபர் 10, வெள்ளி

ஆன்ட்டி கண் திறந்துவிட்டார். பேச்சு வருகிறது, கொஞ்சம் குழறலாக. வலது கைக்கு இன்னும் பிடிமானம் வரவில்லை. வரலாம், நாளாகும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறாராம். அக்ஸா போனில் சொன்னாள். ஆன்ட்டி முதலில் கேட்டது காப்பியாம். இரண்டாவதாகக் கேட்டது: "அந்தக் குட்டி கை விட்டாளா?"

"சொல்லு" என்றாள் அக்ஸா. "விட்டியா?"

"நாலு தடவ பேரு சொன்னேன்."

"மூணுதானே?"

"உனக்க அம்மாவுக்குக் குரல் பெரிசுல்லா. சுவருக்குக் கூட ஒரு தடவ சொல்லணும்" என்றேன்.

போனில் அவள் சிரித்தது கேட்டது. பிறகு சிரிப்பு வேறு சத்தமாக மாறியது. நான் வைக்கவில்லை. அவளும் வைக்கவில்லை. அம்மா வந்து போனை வாங்கிக்கொண்டாள்.

அக்டோபர் 11, சனி

அப்பா நேற்று ராத்திரி அவளைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். இன்று மறுபடி ஆஸ்பத்திரி.

காருக்கு முன்னால் நின்று அப்பா முன் கதவைத் திறந்தார். யாருக்கு என்று சொல்லவில்லை. என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். இந்த ஐந்து வாரமாக நான் காத்திருந்தது இதற்குத்தான்.

"அக்கா, நீங்க உக்காருங்க" என்றேன். இருமல் வரவில்லை.

"வேண்டாம். நீ உக்காரு" என்றாள் அவள்.

"வாந்தி வரும்லா?"

"வரட்டும்" என்று சொல்லிவிட்டுப் பின் கதவைத் திறந்து உட்கார்ந்துவிட்டாள். பிடிவாதக்காரி. நான் விடுவேனா? அந்தப் பக்கம் சுற்றிப் போய் நானும் பின்னால் ஏறினேன்.

அப்பா திரும்பிப் பார்த்தார். "வாரம் பூரா பஸ்தான் ஓட்டுதேன். சனிக்கிழமயும் பாசஞ்சரா?" என்றார். முன் ஸீட் காலியாகவே போனது. செயின்ட் பீட்டர் கோபுரம் வந்ததும், "அது நாலு தடவ இடி விழுந்து எழும்புன கோபுரம்" என்றார். நானும் அவளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

ரவுண்டானா தாண்டியதும் அவள் முகம் வெளுத்தது. நான் பிளாஸ்டிக் கவரை விரித்துப் பிடித்தேன். ஆடாமல் பிடித்தேன். டார்ச்சை வீட்டிலேயே மறந்துவிட்டு வந்திருந்தோம், மூன்று பேருமே.

கண்ணாடியில் பார்த்து அப்பா கேட்டார்: "என்னம்மா, ரொம்ப முடியலயா?"

அவளிடம்தான் கேட்டார். நாற்றம் தாங்காமல் மூக்கைப் பிடித்துக்கொண்டிருந்த என்னிடம் இல்லை.

காது எரிந்தது. கொஞ்சம்தான்.